செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் போன நிழல்கள்

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சூரியன் கடலை விட்டு ஒரு முழம் மேலே ஏறியிருந்த நேரத்தில், உடங்காட்டுப்பட்டி உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த சண்முகக்கனியின் நிழல், அவள் காலடியிலிருந்து பிரிந்து எழுந்து, வரப்பில் ஏறி, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தது. அவளுக்கு இருந்த ஐந்து மாத வயிறு அதற்கும் இருந்தது. காலை வெயிலில் பனைமர உயரத்துக்கு நீண்டிருந்ததால் உப்புக் குவிக்கிற தட்டுமேட்டை நாலே எட்டில் தாண்டிவிட்டது.

"ஏட்டி கனி, ஒன் நெழலு எங்கன போவுது?" என்று கேட்டாள் பக்கத்துப் பாத்தியில் நின்ற மாடத்தி. கூட வேலை பார்க்கிற பெண்களில் அவள்தான் மூத்தவள்.

"ஆஸ்பத்திரிக்கா இருக்கும்க்கா. இன்னைக்குச் செவ்வாக்கெழமைல்லா" என்றாள் கனி, வாருபலகையை நிறுத்தாமல்.

"அதுஞ் சரிதான்" என்றாள் மாடத்தி. இரண்டு பேரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

இப்படியொரு காரியம் நடந்தால் ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் என்று நினைக்கிறவர்கள் உப்பளத்தில் ஒரு கோடைகூட வேலை பார்க்காதவர்கள். அங்கே நின்று வாயைப் பிளக்க யாருக்கும் நேரம் கிடையாது. விடியுமுன் பாத்தியில் இறங்கி, வெயில் உச்சிக்கு வருமுன் அன்றைக்குப் பூத்த உப்பையெல்லாம் வாரி, தண்ணீர் வடியவிட்டு, சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து, தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிக்க வேண்டும். அதையும் தனியாளாகச் செய்ய முடியாது. ஆறு பெண்கள் சேர்ந்தது ஒரு செட்டு. ஆறில் ஒருத்தி வராவிட்டால் மற்ற ஐந்து பேரையும் கணக்கப்பிள்ளை ஆத்தியப்பன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். காய்ச்சலானாலும் சரி, கொழுந்தன் கல்யாணமானாலும் சரி, ஒருத்திக்கு லீவு என்றால் ஆறு வீட்டில் உலை கொதிக்காது. அதனால் அந்த அளத்தில் பிள்ளைத்தாய்ச்சியாகிறவள் முதலில் செய்கிற காரியம், மற்ற ஐந்து பேர் முகத்தையும் பார்த்து, "நான் எங்கயும் போவ மாட்டேன், பயப்படாதீய" என்று சொல்வதுதான்.

ஆஸ்பத்திரி ஒன்றும் சீமையில் இல்லை. மேலவிளையில்தான் இருந்தது, பஸ் ஏறினால் அரைமணி நேரம், பெண்களுக்கு டிக்கெட்டும் இலவசம். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற நாள் செவ்வாய்க்கிழமை. அங்கே டாக்டர் உண்டு, நர்ஸ் ரூபி உண்டு, மாத்திரை உண்டு, நன்றாகவே சுற்றுகிற மின்விசிறியும் உண்டு. எல்லாம் இருந்தது, போவதற்கு ஒரு செவ்வாய்க்கிழமைதான் இல்லை.

கனிக்கு இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோயிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவள் ஒரே ஒரு தடவைதான் மேலவிளைக்குப் போயிருந்தாள். "மாசாமாசம் காட்டியிருந்தா கண்டுபிடிச்சிருக்கலாமேம்மா" என்று அப்போது யாரோ ஒரு டாக்டர் சொன்னது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. இந்தத் தடவை பிள்ளை உயிரோடு வர வேண்டும். ஆணோ பெண்ணோ, கறுப்போ சிவப்போ, அழுதுகொண்டு வந்தால் போதும் என்று ஊர்க் காளியிடமும் கேட்டிருந்தாள், ஊர் தாண்டிப் போய் மாதாவிடமும் கேட்டிருந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து உடம்பு பாத்தியில் நின்றதே தவிர, மனசெல்லாம் மேலவிளை பஸ்ஸிலேயே இருந்தது. மனசு கிடந்து அடித்துக்கொண்டதைப் பார்த்து நிழலுக்குத்தான் பொறுக்கவில்லை போலிருக்கிறது. காரணம் கேட்டால் இவ்வளவுதான். மேற்கொண்டு கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

முதல் சிக்கல் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் சூசை அந்தத் தடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் பஸ்ஸில் ஆடு ஏறியிருக்கிறது, மீன் கூடை ஏறியிருக்கிறது, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதென்று மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளைகூட ஏறியிருக்கிறார். நிழல் மட்டும் தனியாக ஏறியதில்லை. டிக்கெட் கொடுக்காவிட்டால் செக்கிங் இன்ஸ்பெக்டர் பிடிப்பார். கொடுத்தாலும் யாருக்குக் கொடுத்தாய் என்று பிடிப்பார். சூசை நிழலை மேலும் கீழும் பார்த்தார். சேலை கட்டியிருந்தது, வயிறு தள்ளியிருந்தது. "பொம்பளதான" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓர் இலவச டிக்கெட்டைக் கிழித்து அதன் கையில் வைத்தார். அது கீழே விழுந்தது. குனிந்து எடுத்துத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

அடுத்து, உட்காருகிற சிக்கல். வயிறும் பிள்ளையுமாக ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றால் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே எதையோ தேட ஆரம்பிக்கிற ஆண்பிள்ளைகள், நிழல் வந்து நின்றதும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். பெண் என்றால் நிற்கட்டும், நின்று பழகியவள். நிழல் மேலே பட்டால் என்ன ஆகுமோ யார் கண்டது! ஒன்றுக்கு மூன்று சீட்டு காலியாயிற்று. நிழல் ஜன்னலோரமாக உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு, மேலவிளை போய்ச் சேர்ந்தது.

நர்ஸ் ரூபி முதலில் சத்தம்தான் போட்டாள். "ஆள் எங்க? நெழல அனுப்பி வச்சிருக்காளாக்கும்? பாத்து அனுப்ப எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று அவள் கத்தியதில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. வரிசையில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள்தான், "பாவம், அம்புட்டுத் தூரத்துலேருந்து வந்திருக்கு, பாத்து அனுப்புங்க நர்சம்மா" என்று பரிந்து பேசினார்கள். ரூபிக்கு வாய்தான் பெரிதே தவிர மனசு வெல்லக்கட்டி. நிழலைக் கட்டிலில் படுக்க வைத்து, நாடாவால் வயிற்றை அளந்தாள். காது வைத்துக் கேட்டாள். உள்ளே பிள்ளையின் நெஞ்சு டக்டக்கென்று அடித்தது. கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். பாடப்புத்தகத்தில் அச்சடித்திருப்பது போல, கூடுதலும் இல்லாமல் குறைவும் இல்லாமல் இருந்தது. எடை மிஷினில் ஏற்றினாள், முள் அசையவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஐந்து மாதத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டுமோ அதை எழுதிக்கொண்டாள். மாத்திரையை நிழல் கையில் கொடுக்க முடியாதென்பதால் கண்டக்டரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டாள்.

சாயங்காலம் நிழல் திரும்பி வந்து கனியின் காலில் ஒட்டிக்கொண்டது. மின்விசிறிக் காற்றில் இருந்துவிட்டு வந்ததால் குளுகுளுவென்று இருந்தது. சூசை பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, ஜன்னல் வழியாக மாத்திரைப் பொட்டலத்தை நீட்டி, "எல்லாம் நார்மலாம்மா! சாப்பிட்ட பெறவு போடணுமாம்!" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். கனி பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். ஒருவர் கூலியும் கெடாமல், ஒருவர் வாயிலும் விழாமல், பிள்ளையைக் காட்டியாயிற்று. அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்து வெகுநாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு மற்ற செட்டுகளில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் தங்கள் நிழல்களைத் திட்ட ஆரம்பித்தார்கள். "அவ நெழலப் பாரு, எம்புட்டுப் பொறுப்பா போயிட்டு வருது! நீ எங் கால சுத்திக்கிட்டுக் கெடக்க" என்று ஒருத்தி சொல்ல, அடுத்த செவ்வாய் அவள் நிழலும் ரோஷப்பட்டுக்கொண்டு கிளம்பியது. பங்குனி முடிவதற்குள் அளத்தில் யாருடைய வயிற்றில் பிள்ளை இருந்தாலும் செவ்வாய் காலையில் அவள் நிழல் வரப்பில் ஏறிவிடும். நாலைந்து நிழல்கள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வரிசையாகப் போவதைப் பார்த்து லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்காமல் ஓரமாக ஒதுங்கினார்கள். கனியின் புருஷன் லிங்கதுரை, மூட்டை தைக்கிறவன், நல்லவன்தான், ஆனால் சந்தேகப் பிராணி. பஸ்ஸில் நிழல் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று சூசையிடம் இரண்டு தடவை விசாரித்தான். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைக்காரர், நிழல்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் மரியாதைக்கு ஆளுக்கொரு டீ வைப்பார். கிளாஸ் நிறைந்தபடியே இருக்கும், ஆனால் எடுத்துக் குடித்துப் பார்த்தால் இனிப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். மேகம் மூடிய நாளில் நிழல்கள் வெளிறிப்போய்ப் பஸ்ஸைத் தவறவிட்டுவிடும் என்பதால், சூசை அன்றைக்கு மட்டும் இறங்கி நின்று, ரோட்டோரத்தை உற்றுப் பார்த்து, "வாங்கம்மா, வாங்க" என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஏற்றுவார்.

எல்லாரையும்விடப் பூரித்துப்போனவர் கணக்கப்பிள்ளை ஆத்தியப்பன். ஆள் வேலையில், நிழல் ஆஸ்பத்திரியில். இதைவிட லட்சணமான ஏற்பாட்டை எந்த முதலாளியும் சம்பளம் கொடுத்துச் செய்துவிட முடியாது. "நம்ம அளத்துல எந்தப் பொம்பளைக்கும் ஆஸ்பத்திரி போவத் தடை கெடையாது, தாராளமா போவலாம்" என்று டீக்கடையில் உட்கார்ந்து நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். மேலவிளை ஆஸ்பத்திரிக்கும் நல்ல பெயர். உப்பளத்துப் பெண்கள் ஒருத்திகூடத் தவறாமல் வருகிறார்கள் என்று ஒரு கூட்டத்தில் கைதட்டி, ரூபிக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வருவது ஆளா நிழலா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற வழக்கம் ரூபிக்கும் இல்லை. முதல் நாள் போட்ட சத்தம் மெல்ல மெல்ல அவளுக்கே மறந்துபோயிற்று.

இப்படி எல்லாரும் மகிழ்ந்திருந்த அந்தச் சித்திரை மாதத்தில்தான் கனியின் கால் வீங்கத் தொடங்கியது.

உப்பளத்தில் ஒரு வசதி, எந்த நோய்க்கும் அங்கேயே ஒரு காரணம் கிடைத்துவிடும். கால் வீங்கினால், நாள் முழுக்க உப்புத் தண்ணியில் நிற்கிற கால் வீங்காமல் வேறென்ன செய்யும்? தலை வலித்தால், சட்டி சுமக்கிற தலை வலிக்கத்தானே செய்யும்? கண் முன்னால் பூச்சி பறந்தால், வெள்ளை வெளேரென்று வெயிலில் மின்னுகிற உப்பைப் பார்க்கிற கண்ணில் பூச்சி பறக்காமல் பட்டாம்பூச்சியா பறக்கும்? மாடத்திக்கும் இதெல்லாம் உண்டு. அவள் வயிற்றில் பிள்ளை இருந்து வருஷம் பலவாகிவிட்டது. அதனால், "என்னட்டி காலு இப்படி இருக்கு?" என்று மாடத்தி கேட்டபோது, "உப்புத் தண்ணிலக்கா" என்றாள் கனி. "நெழலுக்கு எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லியிருக்காவல்லா" என்றும் சேர்த்துக்கொண்டாள். மாடத்தி தன் காலைப் பார்த்தாள், கனியின் காலைப் பார்த்தாள், சட்டியைத் தூக்கிவிட்டாள்.

நிழலுக்கு என்ன குறைச்சல்? செவ்வாய்தோறும் ஜன்னலோர சீட்டு, மின்விசிறிக் காற்று, டீயில் இருக்கிற இனிப்பு. ரூபியின் மிஷினில் அது அடித்து வைத்த மாதிரி ஒரே அளவு காட்டிற்று. "நார்மல், நார்மல்" என்று சூசை ஜன்னல் வழியாகக் கூவிக்கொண்டே போனார். அதைக் கேட்கக் கேட்கக் கனிக்கு நிம்மதி. நிழலுக்குத்தான் எப்படி இருந்ததோ தெரியாது.

வைகாசி மாதம், எட்டு நிறைந்துகொண்டிருந்தது. அந்தச் செவ்வாய் சாயங்காலம் பஸ் வந்து நின்று மற்ற நிழல்கள் எல்லாம் இறங்கின. கனியின் நிழலைக் காணோம். சூசை தானே கீழே இறங்கி வந்து தலையைச் சொறிந்தார்.

"எம்மா, ஒன் நெழலு வர மாட்டேங்கு. ஆஸ்பத்திரிப் பெஞ்சுக் கால கெட்டியா பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. நானும் நயமா சொல்லிப் பாத்தேன், அதட்டியும் பாத்தேன். அசைய மாட்டேங்கு."

"எதுக்காம்?"

"நெழலுக்கு வாயா இருக்கு, சொல்ல?"

மறுநாள் காலையில் ஆத்தியப்பன் வாசலிலேயே கையை நீட்டி மறித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை நிழல் இல்லையென்றால் அது டூட்டியில் போனது, புதன்கிழமையும் இல்லையென்றால் அது ஓடிப்போனது. ஓடிப்போன நிழலுக்குச் சொந்தக்காரி இறங்கினால் பாத்தி பூக்காது என்றார். அப்படி யாராவது இறங்கிப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை, யாரும் இறங்கிப் பார்க்கப் போவதும் இல்லை. கனியை விட்டால் செட்டில் ஐந்து பேர்தான். ஐந்து பேருக்கு வேலை கிடையாது. ஆறு பேரும் சட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் நின்றார்கள். செட்டில் இளையவள் ரெஜினா. கல்யாணமாகி நாலு மாதம் ஆகியிருந்தது. அவள்தான், "வேலையும் இல்ல, சும்மா நிக்கதுக்குப் போயி அந்தக் கழுதையக் கூட்டிட்டு வந்திருவமே" என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அப்படித்தான், நாலு மாதம் நிழலை அனுப்பிய சண்முகக்கனி தானே பஸ் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். தலைக்குள் யாரோ இடிப்பது போலிருந்தது. முன் சீட்டில் இருந்தவர்களுக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ தொலைந்துபோயிருந்தது. மாடத்தி ஒரு மீசைக்காரரின் தோளைத் தட்டினாள்.

"நெழலுன்னா எந்திரிப்பிய, ஆளுன்னா எந்திரிக்க மாட்டியளோ? இவ நெழலோட சொந்தக்காரி. எந்திரிங்க."

மீசைக்காரர் எழுந்துகொண்டார்.

புதன்கிழமை மேலவிளையில் தடுப்பூசி நாள். ஊசி போட்ட பிள்ளைகளும் போடப்போகிற பிள்ளைகளும் சேர்ந்து அழுத அழுகையில் கூரை பிய்ந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே, பெஞ்சின் மூலையில், காலை மடக்கி, பெஞ்சுக் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நிழல். கனி அதன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த வசவெல்லாம் வரிசையாக வந்தது.

"என்ன, காத்து சொகமா இருக்கோ? எந் தலையெழுத்து, நான் வெயில்ல கெடந்து சாவுதேன், நீ இங்கன டீ குடிச்சிக்கிட்டு இருக்க. ஒன்னால ஆறு பேருக்கு வேல போச்சு. எந்திரி. எந்திரின்னா எந்திரி! ஒன்ன நம்பித்தானே நான்..." என்றவளுக்குக் கண் முன்னால் பெஞ்சு இரண்டாகத் தெரிந்தது.

அழுகிற பிள்ளை ஒன்றைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ரூபி வெளியே வந்தாள். நாலு மாதத்தில் முதல்முறையாக, நிழலுக்குப் பக்கத்தில், நிழலுக்கு உடையவளைப் பார்த்தாள். பிள்ளையை அதன் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து, கனியின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"என்னட்டி இது காலு?"

"உப்புத் தண்ணி நர்சம்மா."

"உப்புத் தண்ணியா! மூஞ்சியுமா உப்புத் தண்ணியில ஊறுச்சு?"

பட்டையைச் சுற்றினாள். அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. அவ்வளவு உயரத்துக்கு ஏறும் என்று எதிர்பார்க்காத ரூபி, மிஷின்தான் கெட்டுவிட்டதென்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னாள். அதுவும் அதையேதான் காட்டிற்று. "நாலு மாசமா நார்மல் நார்மல்னு எழுதினேனே பாவி. இந்தக் கையாலல்லா எழுதினேன்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் அறைக்கு ஓடினாள். கேடயம் வைத்திருந்த மேசையில் இடித்துக்கொண்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

டாக்டர் இளவயசுப் பெண், அதிகம் பேசவில்லை. ஓர் ஊசி இந்தப் பக்கம், ஓர் ஊசி அந்தப் பக்கம் போட்டுவிட்டு, இப்போதே தூத்துக்குடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்.

"பிள்ளைக்கி?" என்றாள் கனி.

டாக்டர் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "இருக்கு. ஆனா களைச்சுப்போயிருக்கு. சீக்கிரம் போகணும்."

கனிக்கு மூத்த பிள்ளையின் நினைப்பு வந்தது. போன தடவையும் இதே எட்டாம் மாதம். போன தடவையும் இதே போலத்தான் தலைவலி; வெயில் என்று நினைத்துத் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அவளிடம் யாரும் "இருக்கு" என்று சொல்லவில்லை. அவள் மாடத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் போயிட்டா நாளைக்கும் ஒங்களுக்கு வேல இருக்காதேக்கா" என்று, அந்த நேரத்திலும், அவள் வாயில் அதுதான் வந்தது.

"வேலையாவது மண்ணாவது. ஏறுட்டி வண்டியில" என்றாள் மாடத்தி. சொல்லும்போதே அவளும் அழுதுவிட்டாள்.

கனியை எழுப்பி நிறுத்தினார்கள். அவள் எழுந்ததும் நிழல் பெஞ்சுக் காலை விட்டது. தவழ்ந்து வந்து அவள் பாதத்தில் ஒட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது ஒரு நுனி வெளியே கிடந்ததென்றும், ரெஜினாதான் அதை எடுத்து உள்ளே தள்ளிவிட்டாள் என்றும் சொல்கிறார்கள்.

அன்றைக்கு மத்தியானமே வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒரு கையில் ஏந்திக்கொள்கிற அளவுதான். எடுத்ததும் அழவில்லை. மயக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடந்த கனி, காளியை அழைத்தாளா மாதாவை அழைத்தாளா என்பது அவளுக்கே நினைவில்லை. பிறகு அழுதது. மெலிதாகத்தான், ஆனால் விடாமல் அழுதது. கண்ணாடிப் பெட்டியில் வைத்து நெடுநாள் பார்த்துக்கொண்டார்கள். லிங்கதுரை மூட்டை தைக்கப் போகாமல் அந்த வராந்தாவிலேயே கிடந்தான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் மவ அழுதா, கேட்டியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த வைகாசிக்குப் பிறகு உடங்காட்டுப்பட்டியில் எந்த நிழலும் சொந்தக்காரியை விட்டுத் தனியாகப் பஸ் ஏறவில்லை. யாரும் அவற்றுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அனுப்பிப் பார்த்தார்கள், காலைச் சுற்றிக்கொண்டு கிடந்தன. அளத்தில் இப்போது வேறு வழியில்லாமல் பழைய நிலைமை. செவ்வாய்க்கிழமை பஸ் காலியாகப் போயிற்று. சூசை பழக்கத்தில் ஸ்டாப்பில் நிறுத்தி, ரோட்டோரத்தை உற்றுப் பார்த்துவிட்டு, விசில் கொடுத்துவிட்டுப் போவார்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வெயில் விழுந்த பிறகு, கனி பிள்ளையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, செட்டுக்காரிகளுக்குக் காட்டுவதற்காக அளத்துக்கு வந்தாள். வாசலில் ஒரே சத்தம். ரெஜினாவுக்கு மூன்று மாதம். விடியுமுன் வந்து இறங்கி வேலை பார்த்துவிட்டு, பஸ் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போகிறேன் என்று அவள் கிளம்பியிருக்கிறாள். ஆத்தியப்பன் வழியில் நின்று, போனால் செட்டையே நிறுத்திவிடுவேன் என்கிறார். கனியின் இடத்தில் புதிதாகச் சேர்ந்தவளும் மாடத்தியும் மற்றவர்களும் சட்டியோடு நிற்கிறார்கள்.

"நான் போவக் கூடாதுன்னு சொன்னேனா? நெழல அனுப்புன்னுதானே சொல்லுதேன்" என்றார் ஆத்தியப்பன். குனிந்து, ரெஜினாவின் காலடியில் கிடந்த நிழலைப் பார்த்து, குழைந்த குரலில், "போம்மா, நல்ல பிள்ளைல்லா, பஸ்ஸு வந்திரும். சீட்டெல்லாம் தருவாவ" என்று கெஞ்சினார். நிழல் அசையவில்லை. காலால் தரையைத் தட்டி விரட்டிப் பார்த்தார். அதுவும் பலிக்கவில்லை. "பாத்தீயளா? நெழலே போவ மாட்டேங்கு. அப்ப நான் என்ன செய்ய? எனக்கும் மேல ஆளு இருக்கு. அம்பாரம் கொறைஞ்சா என்னையத்தான் கேப்பாவ."

"அண்ணாச்சி" என்றாள் கனி. "கீழ பாருங்க."

ஆத்தியப்பன் பார்த்தார். கனியின் நிழலின் தோளில், அதோடு ஒட்டாமல் பிரிந்து, தலை தனியாக, துண்டிலிருந்து வெளியே வந்த ஒரு குட்டிக் கை தனியாக, புதுசாக ஒரு நிழல் விழுந்திருந்தது. கை ஆடிக்கொண்டிருந்தது.

"அது எம் மவ நெழலு. மூத்ததுக்கு நெழலே விழல, அண்ணாச்சி. வெயில்ல கொண்டாராமலே பொதச்சிட்டோம்."

ஆத்தியப்பனின் செருப்புக் கால் அந்தக் குட்டிக் கையின் ஓரத்தில் இருந்தது. அதை மிதித்துவிடக் கூடாதென்று காலை எடுத்துப் பின்னால் வைத்தார். கை இன்னும் கொஞ்சம் நீண்டது, இன்னும் ஓர் அடி பின்னால் போனார். வழி திறந்துவிட்டது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாடத்தியைப் பார்த்து, "நிக்கியளே என்ன? அஞ்சு பேரும் எறங்குங்க, வெயில் ஏறுது" என்றார். ஐந்து பேரும் இறங்கினார்கள்.

மேலவிளை பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. ரெஜினா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"ஏட்டி, வயித்தப் பிடிச்சிக்கிட்டு ஓடாத!" என்று கத்தினாள் கனி. "பையப் போ. பஸ்ஸு நிக்கும்."